ரஸ்ட் மேக்ரோ: எந்த விதி பொருந்தும்?

கேள்வி: ரஸ்ட் நிரல்மொழியில் இரண்டு விதிகளோடு ஒரு மேக்ரோ (கொடுத்ததை விதிகளோடு பொருத்திப் பார்த்து நிரலாக விரியும் வார்ப்புரு) எழுதினேன். முதல் விதி எந்த எக்ஸ்பிரஷனையும் (2 + 3 போல, கணக்கிட்டால் ஒரு மதிப்பு தரும் கோவை) வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, ஒரு பெயரையும் அதன் பின்னால் வெறும் கூட்டல் குறியையும் வாங்கும். "விலை +" என்று கொடுத்தால் இரண்டாவதுதானே பொருந்த வேண்டும்? கம்பைலர் அதுவரை போகாமலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: கம்பைலர் விதிகளை மேலிருந்து கீழே வரிசையாகப் பார்க்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலருக்குத் தெரியாத விஷயம், எக்ஸ்பிரஷன் என்று ஒன்றைப் படிக்க ஆரம்பித்துவிட்டால் அது பின்வாங்காது என்பது. "விலை" வந்தது, "+" வந்தது, அடுத்து இன்னொரு மதிப்பு வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் 'சரி, அடுத்த விதியைப் பார்ப்போம்' என்று நகராது, அங்கேயே பிழை. ஆகவே வரிசையை மாற்றுங்கள். பெயர் + கூட்டல் குறி விதி மேலே, எக்ஸ்பிரஷன் விதி கீழே. அப்போது "விலை + 5" வந்தாலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் 5 மிச்சம் நிற்பதால் முதல் விதி சத்தமில்லாமல் தோற்று அடுத்ததற்கு வழிவிடும். (மாறிக்குத் தமிழிலேயே "விலை" என்று பெயர் வைக்கலாம், 2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து அது செல்லும்.)

இன்னொரு இடத்திலும் இதே மாதிரி மாட்டுவீர்கள். எத்தனை பெயர்கள் வேண்டுமானாலும் வரலாம், கடைசிப் பெயர் மட்டும் தனி என்று எழுதினால், கையில் இருக்கும் பெயர் பட்டியலைச் சேர்ந்ததா கடைசியா என்று கம்பைலருக்குத் தெரியாது, முன்னால் எட்டிப் பார்த்து முடிவு செய்யவும் செய்யாது. நடுவில் காற்புள்ளி போட்டாலும் தீராது, பட்டியலுக்குள்ளும் அதே காற்புள்ளிதானே இருக்கிறது! கடைசிக்கு முன் அரைப்புள்ளி வையுங்கள், அல்லது தனியாக வேண்டிய பெயரை முதலில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், எக்ஸ்பிரஷனாகப் பிடித்ததை வேறொரு மேக்ரோவுக்கு அனுப்பினால் அந்த மேக்ரோவால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது, அது மூடிய பொட்டலம்தான். பிரித்துப் பார்க்கும் தேவை இருந்தால் டோக்கன் ட்ரீயாகவே (இன்னும் பொருள் பிரிக்காத குறிகளாகவே) பிடித்து அனுப்புங்கள். பொட்டலமாக இருப்பதில் பெரிய நன்மையும் உண்டு: 2 + 3 என்று கொடுத்ததை மேக்ரோ 4-ஆல் பெருக்கினால் ரஸ்ட்டில் 20 வரும். சி மொழியில் அடைப்புக்குறி போட மறந்த மேக்ரோ 2 + 3 * 4 என்று விரிந்து 14 தரும். அந்த 14-ஐத் தேடி இரவெல்லாம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், ரஸ்ட்டின் இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: பழைய மேக்ரோ ஒன்றில் பேட்டர்னுக்குப் (ஒரு மதிப்பின் வடிவத்தைச் சொல்லிப் பொருத்திப் பார்க்கும் பகுதி) பின்னால் | குறி வைத்திருந்தேன். ரஸ்ட்டின் 2021 எடிஷனுக்கு (மொழி விதிகளின் அந்த ஆண்டுத் தொகுப்பு) மாறியதும் கம்பைலர் அதை ஏற்க மறுக்கிறது.

பதில்: அந்த எடிஷனிலிருந்து "அ | ஆ" (அ அல்லது ஆ) முழுவதுமே ஒரே பேட்டர்னாகப் படிக்கப்படுகிறது. அப்படியானால் பின்னால் வரும் | பேட்டர்னுடையதா, உங்கள் விதியுடையதா? இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் தடை. எக்ஸ்பிரஷனுக்குப் பின்னால் =>, காற்புள்ளி, அரைப்புள்ளி மூன்றும் மட்டுமே வரலாம் என்பதும் இப்படித்தான், நாளை மொழியில் புது இலக்கணம் சேர்ந்தாலும் பழைய மேக்ரோக்களின் பொருள் மாறக் கூடாது. உங்கள் விதியில் பேட் (pat) என்று இருப்பதை பேட்_பாரம் (pat_param) என்று மாற்றினால் பழையபடி ஓடும், ரஸ்ட்டோடு வரும் கார்கோ ஃபிக்ஸ் (cargo fix --edition) கட்டளையே அதைச் செய்துவிடும். | குறியைப் பிரித்துக்கொண்டு உங்களுக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை என்றால், விதியில் பேட்டர்னும் | குறியும் திரும்பத் திரும்ப வரும் பகுதி இருந்தால் அதையே நீக்கிவிட்டு ஒரே ஒரு பேட் வையுங்கள்.