ஊரான் வீட்டு நெய்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். அங்கே சனிக்கிழமை ஆனால் கல்லூரி ஃபுட்பால் பேச்சுதானாம். படிக்கிற பையன்களுக்கு லட்சக்கணக்கில் டாலர் கொடுக்க ஆரம்பித்து ஆட்டத்தின் புனிதத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டான். எனக்கும் அது சரி என்றே படுகிறது. இலவசப் படிப்பு கொடுத்தும் போதவில்லையா? இன்னொன்று: அவன் அனுப்பிய கிண்டில் மின்னூல் கருவியில் முந்நூறு புத்தகம் வாங்கிச் சேர்த்துவிட்டேன். அலமாரியில் இருந்ததை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. வீடு விசாலமாகிவிட்டது. நீங்கள் மட்டும் ஏன் இன்னும் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: முதலில் புனிதத்தைப் பார்த்துவிடுவோம். அங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஆட்டம். உங்கள் மகன் இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்து ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 1927இல் திறந்தது. 'பிக் ஹவுஸ்' என்பது அதன் செல்லப் பெயர். வருகிறவர்கள் ஓசியில் வருவதில்லை. டிக்கெட்டுக்குக் காசு, கார் நிறுத்தக் காசு, அணியின் பெயர் போட்ட பனியனுக்குக் காசு. டி.வி. கம்பெனிகள் கொட்டுவது தனிக் கணக்கு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் கவர்னருக்கு இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்சுக்கு, அல்லது பாஸ்கெட்பால் கோச்சுக்கு. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச்சை ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பியது. அவர் இனிமேல் வேலை பார்க்காமல் இருப்பதற்காகக் கொடுக்க வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். அப்போதெல்லாம் கெடாத புனிதம், களத்தில் மோதி விழுகிற இருபது வயதுப் பையன் பங்கு கேட்டதும் கெட்டுவிட்டதா?

'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் ஊரில் சொல்வார்கள். பல்கலைக்கழகங்கள் நூறாண்டுக்கு மேலாகப் பரிமாறிக்கொண்டிருந்தது அந்த நெய்யைத்தான்.

இந்த ஆட்டத்தில் உயிர்ப் பயம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. முதல் கல்லூரி ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அடிதடி முற்றி, 1905இல் பையன்கள் களத்திலேயே சாகிறார்கள் என்ற கூச்சல் நாடு முழுக்கக் கிளம்பியது. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். மறு ஆண்டு பிறந்த அமைப்புதான் இன்று கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படுகிறது. பையன்களைக் காப்பாற்ற வந்த அமைப்பு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1955இல் கொலராடோ மாநிலத்தின் சின்னக் கல்லூரி ஒன்றுக்காக ஆடிய ரே டென்னிசன் என்பவர் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957இல் தீர்ப்பு: கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே இறந்தவர் அதன் ஊழியரும் இல்லை, இழப்பீடும் இல்லை. உங்கள் மகன் கவலைப்படும் புனிதத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருந்தது.

இலவசப் படிப்பு போதாதா என்கிறீர்கள். அந்த உதவித்தொகை 1973 முதல் 2012 வரை ஓராண்டுக்கு மட்டும்தான். கோச் விரும்பினால் நீண்டது, முழங்கால் போனால் நீளாமலும் போனது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தரலாம் என்ற விதி 2012இல்தான் திரும்பி வந்தது. காலையில் உடற்பயிற்சி, மாலையில் களப்பயிற்சி, இரவில் எதிரணி ஆட்டத்தின் வீடியோ, வார இறுதியில் விமானப் பயணம். இடையில்தான் அந்த இலவசப் படிப்பு.

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். இந்தக் கோட்டையில் முதல் கல்லைப் பெயர்த்தது ஒரு வீடியோ கேம். எட் ஓபேனன் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பாஸ்கெட்பால் அணிக்கு 1995இல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பிற்பாடு லாஸ் வேகஸில் கார் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் நண்பர் வீட்டில் நண்பரின் பையன் ஆடிக்கொண்டிருந்த கேமைப் பார்த்தார். திரையில் மொட்டைத் தலை, இடது கை ஆட்டம், முதுகில் 31 என்ற எண். பெயர் மட்டும் இல்லை. மற்றபடி சாட்சாத் அவரேதான்! அந்த கேம் கடையில் காசுக்கு விற்றது, அவர் கைக்கு ஒரு சல்லிக்காசு வந்ததில்லை. 2009இல் வழக்குப் போட்டார். ஃபுட்பால் ஆட்டக்காரர் சாம் கெல்லரும் அதே ஆண்டு இதே காரணத்துக்காக நீதிமன்றம் போனார். கேம் தயாரித்த ஈ.ஏ. நிறுவனம், கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து நான்கு கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. 2013க்குப் பிறகு கல்லூரி ஃபுட்பால் கேம் வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. ஆட்டக்காரனின் முகத்துக்குக் காசு கொடுக்கும் வழி விதியில் இல்லாததால், கேமே இல்லாமல் போனது.

அதன் பிறகு மதில் சரிந்த வேகம் வேடிக்கையானது. 2019இல் கலிபோர்னியா கவர்னர் கேவின் நியூசம், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், ஒருவர் பாக்கியில்லாமல், என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஜூலை 1 முதல் விளம்பரத்தில் நடிக்கலாம், கையெழுத்து விற்கலாம் என்றாயிற்று. 2024 ஜூலையில் அந்த கேம் திரும்பி வந்தது. சம்மதித்த ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 600 டாலரும், கேமின் ஒரு பிரதியும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சம்மதித்தார்கள். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற சமரசப்படி, பழைய ஆட்டக்காரர்களுக்கு 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் போகும். இப்போது ஆடுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகத் தரலாம். முதல் ஆண்டு வரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். அதை மொத்தமாக ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் பிரிக்க வேண்டும். மேலே சொன்ன கோச் ஒருவருக்கே போனதை மறுபடி படித்துவிட்டு வாருங்கள்.

கெடுதலே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒரு கல்லூரி மாறுகிற பையன்கள் இருக்கிறார்கள். பணக்காரப் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி ஏலம் எடுப்பது போல நடந்துகொள்கிறார்கள். ஃபுட்பாலுக்குப் பணம் போவதால் நீச்சலும் மல்யுத்தமும் காய்ந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. மேசைக்கு அடியில் ரகசியமாக நடந்த கொடுக்கல் வாங்கல் இப்போது மேசை மேல் நடக்கிறது, அதனால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் மகனுக்கு இன்னொரு தகவல், அவன் கல்லூரி சம்பந்தப்பட்டது என்பதால். எதிரணி கோச்சுகள் ஓரத்தில் நின்று காட்டும் சைகைகளைப் படிப்பதற்காக, டிக்கெட் வாங்கி ஆட்களை உட்காரவைத்து செல்போனில் படம் எடுக்கச் சொன்னார்கள் என்று 2023இல் மாட்டிக்கொண்டது மிச்சிகன் அணிதான். கோச் மூன்று ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்தையும் அவர்களே வாங்கினார்கள். அடுத்த ஆண்டு, பெரிய கல்லூரிகளின் ஆட்டங்களில் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைக்க அனுமதி வந்தது. களத்தில் ஓர் அணிக்கு ஒருவர் தலையில் மட்டும். ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி இருக்கும். ஒவ்வொரு முறையும் பந்தை ஆட்டத்தில் இறக்கத் தரும் கெடுவில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது கோச்சின் குரல் தானாக அறுந்துவிடும். அதற்குப் பிறகு பையன் சொந்த மூளையில் ஆட வேண்டும். கருவிகளைப் பற்றி இவ்வளவு யோசித்து எழுதிய விதி அந்த ஆட்டத்திலேயே வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, கிண்டில். எனக்கும் அந்தக் கருவியோடு பகை இல்லை. என் பையில் ஒன்று இருக்கிறது. கண் மங்குகிற வயதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி சாதாரணமானதல்ல. ஆனால் 'முந்நூறு புத்தகம் வாங்கிச் சேர்த்துவிட்டேன்' என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் தகராறு. கிண்டில் விதிகளைப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு எதுவும் விற்கப்படவில்லை, படிக்க அனுமதி தரப்பட்டிருக்கிறது, அவ்வளவே என்று எழுதியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் தரவோ, பாதி விலைக்குப் பழைய புத்தகக் கடையில் போடவோ முடியாது. நீங்கள் எடைக்குப் போட்ட புத்தகங்களுக்கு அந்த உரிமை எல்லாம் இருந்தது.

இதெல்லாம் காகிதத்தில் உள்ள விதி, நடைமுறையில் யார் பறிக்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். 2009 ஜூலையில் பறித்தார்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, அதன் உரிமை இல்லாத ஒருவர் அமேசானில் ஏற்றி விற்றிருந்தார். விஷயம் தெரிந்ததும் அமேசான், வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அதைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அரசாங்கம் பழைய ஆவணங்களை அழித்துக்கொண்டே இருக்கும் கதை அது. எந்தப் புத்தகத்தில் கைவைக்கிறோம் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை போலும். மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவன் விடுமுறைப் பாடத்துக்காக அந்த நாவலில் குறிப்பெழுதி வைத்திருந்தான். புத்தகம் போனதும் குறிப்புகள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்றே தெரியாமல் அநாதையாக நின்றன. அவன் வழக்குப் போட்டான். அமேசான் முதலாளி ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் 1,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

அது பழைய கதை என்றால், 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. வாங்கியவர்களுக்குப் பணம் வந்தது, புத்தகங்கள் மறைந்தன. குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்கு ஆளுக்கு 25 டாலர் கூடுதல். என் ஓரக்குறிப்புக்கு யாராவது விலை வைத்தது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும், நான் அதில் வாங்கியிருந்தால். 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான், வாங்கிய புத்தகக் கோப்பைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டது.

கேவின் நியூசம் பெயர் ஞாபகம் இருக்கிறதா? 2024இல் அதே கவர்னர் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். கலிபோர்னியாவில் மின்னூல், கேம், சினிமா விற்கிறவர்கள், இது அனுமதி மட்டுமே, பிறகு பறிபோகலாம் என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்பனை போலக் காட்டக் கூடாது. 2025 முதல் அமல். ஓர் ஆட்டக்காரனின் முகம் யாருக்குச் சொந்தம், ஒரு வாசகனின் புத்தகம் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்வியும் ஒரே மேசைக்கு ஐந்தாண்டு இடைவெளியில் வந்திருக்கின்றன. தன் முகத்துக்குக் காசு கேட்ட பையனைப் பேராசைக்காரன் என்கிற நீங்கள், காசு கொடுத்தும் கைக்கு வராத புத்தகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை!

இனிமேல் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். படித்துவிட்டு மறக்கப்போகிற துப்பறியும் கதைக்குக் கிண்டில் போதும், தாராளமாக வாங்குங்கள். மறுபடி மறுபடி எடுக்கிற புத்தகம், பேரப்பிள்ளைக்குத் தர நினைக்கிற புத்தகம், அகராதி, உரைநூல் இவற்றைக் காகிதத்தில் வாங்குங்கள். பழந்தமிழ் நூல்களுக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகள் வரை இலவசமாகத் தருகிறது. அந்தக் கோப்புகளில் பூட்டு இல்லை. மின்னஞ்சலில் அனுப்பினால் உங்கள் கிண்டிலிலேயே திறக்கும். இறக்கியதும் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.