அடித்ததே இல்லை, ஆனாலும் பயமாக இருக்கிறதே?

கேள்வி: திருமணமாகி ஏழு வருடம். கணவர் குடிக்க மாட்டார், ஒருநாள்கூட என் மேல் கை ஓங்கியதில்லை. ஆனால் என் சம்பள ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது. ஆபீஸ் போனதும் சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பஸ் தாமதமானால் இரண்டு நாள் என்னோடு பேச மாட்டார். அம்மாவிடம்கூட ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுகிறேன். கேட்டால் 'அக்கறைதானே' என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை சகோதரி, நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன விஷயம்தான், கார்டு, போட்டோ, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும், அதனால்தான் இது பிடிபட வருடக்கணக்காகிறது. அடி விழுந்தால் தழும்பைக் காட்டலாம், இதில் எதைக் காட்டுவது?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் பத்து ரூபாய்க்கு மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டு வந்தவள், தெருமுனையில் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டிருக்கிறாள், காசு ஏது என்ற கேள்வி வரும் என்று. கூட வந்த சின்ன மகள், "நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்மா" என்றாளாம். தன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது. பலருக்கும் இப்படித்தான், பைக் சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிசைவதோ, பால் வாங்கிய மிச்சத்துக்கு மனசுக்குள் கணக்கு ஒப்பிப்பதோதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அக்கறை என்றால் "இன்றைக்கு முடியாது" என்று நீங்கள் சொல்லிவிட முடிய வேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்று மனதில் மட்டும் நினைத்துப் பாருங்கள். தயவுசெய்து செய்து பார்க்க வேண்டாம். அவரிடம் நேருக்கு நேர் வாதாடவும் வேண்டாம், பிடி நழுவுகிறது என்று தெரியும்போதுதான் இப்படிப்பட்டவர்கள் மோசமாக மாறுவதுண்டு, அதுவரை கை நீட்டாதவர்கள்கூட.

நம் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. அதன் 3-வது பிரிவில் மனரீதியான கொடுமையும் பொருளாதாரக் கொடுமையும் சேர்த்தே இருக்கின்றன, உங்கள் பணத்தை உங்களுக்குத் தராமல் வைத்துக்கொள்வதும் அதில் வரும். புகார் கொடுத்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டுமோ என்று பயப்படாதீர்கள், அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை 17-வது பிரிவு தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ல் வந்த சட்டப்படி இந்த மாதிரிக் கட்டுப்பாடே தனிக் குற்றம்.

பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழைத்துப் பேசுங்கள், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் வழி கேளுங்கள். உங்கள் போனிலிருந்து மட்டும் வேண்டாம், அதை அவர் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை பார்க்கும் நம்பிக்கையான ஒருவரின் போனை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே போனில் அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் பத்து நிமிடம் பேசுங்கள்.