பழுத்ததும் குழையும் மாம்பழம்: கால்சியம் தெளித்தால் சரியாகுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் 3 ஏக்கரில் பங்கனப்பள்ளி வைத்திருக்கிறேன். பறிக்கும்போது காய் கெட்டியாகத்தான் இருக்கிறது. பழுத்த இரண்டே நாளில் குழைந்துபோகிறது என்று மண்டியில் விலையைக் குறைக்கிறார்கள். இலைமேல் கால்சியம் அடிக்கச் சொல்கிறார் உரக்கடைக்காரர். எப்போது, எவ்வளவு அடிக்கலாம்?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன், குழைந்த பழங்களில் பத்து எடுத்து, கொட்டையை ஒட்டி நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். தோல் நன்றாக இருந்து, கொட்டையைச் சுற்றியுள்ள சதை மட்டும் கூழாகியிருந்தால் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) குறைவைச் சந்தேகிக்கலாம். காய் அதிகம் முற்றும்வரை மரத்தில் விட்டாலும் இது கூடும். காம்படியில் பழுப்பு வளையம் தோன்றிக் கீழே இறங்கினால் காம்பழுகல். தோலில் கரும்புள்ளி பரவினால் ஆந்த்ராக்னோஸ். பின்னவை இரண்டும் பூஞ்சாண நோய்கள்; கால்சியத்தை நம்பி இவற்றை விட்டுவிடக் கூடாது.

உள்சதைதான் பிரச்சினை என்றால் தெளிப்பு உதவும், ஆனால் இலைமேல் அடித்துப் பயனில்லை. சதையின் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பெக்டினை இறுக்கிப் பிடிப்பது கால்சியம். அது வேரிலிருந்து நீரோடு ஏறி, நீர் அதிகம் ஆவியாகும் இலைக்கே பெரும்பாலும் போய்ச் சேரும். சேர்ந்தது அங்கேயே தங்கிவிடும். காய்க்குத் திரும்பி வராது. அதனால் தெளிப்பு நீர் காயை நனைத்தே ஆகவேண்டும். இளங்காயின் தோல் சத்தை எளிதில் உறிஞ்சும். முற்ற முற்ற மெழுகு தடித்து உறிஞ்சுவது குறையும். அறுவடைக்கு முந்தைய வாரம் அவசரமாக அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காய் கோலிக்குண்டு அளவு வந்ததும் தொடங்கி, 15 முதல் 20 நாள் இடைவெளியில் மூன்று முறை அடியுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு போதும். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம். வெயிலில் அடித்தால் இலை நுனி கருகும், காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிடுவது நல்லது.

பொட்டாசியம் சல்பேட்டையோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தையோ இதே டேங்கில் போடாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்து பாருங்கள், பால்போல் கலங்கி அடியில் வெள்ளையாகப் படியும். நாசில் அடைக்கும், போட்ட சத்தும் வீண். அப்புறம், காய் பருக்கும் நேரத்தில் யூரியா அடிப்பதையும் நிறுத்துங்கள். யூரியாவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் தோல் பச்சையாகவே நிற்கும், சதை இளகும், அழுகலும் கூடும்.

பூஞ்சாணம் என்று தெரிந்தால் வழி வேறு. ஆந்த்ராக்னோஸ் பூவிலும் பிஞ்சிலுமே தொற்றி, பழுக்கும்வரை வெளியே தெரியாமல் கிடக்கும். அதற்கான பாதுகாப்பைப் பூக்கும் பருவத்திலேயே தொடங்கவேண்டும். காயை உலுக்கி விழவைக்காமல், கொஞ்சம் காம்போடு பறித்துப் பால் வடியவிடுங்கள். பிறகு 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி, ஆறவைத்து, ஈரம் உலர்ந்தபின் அடுக்குங்கள். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்கவேண்டாம். சூடு கூடினால் தோல் வெந்துவிடும்.