மர்ரே நதிக்கரைப் பயணம்: கிளம்புங்கள், ஆனால் கடனில் வேண்டாம்

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். நான் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர். கணவர் கிடங்கு மேற்பார்வையாளர். இரண்டு குழந்தைகள். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆகஸ்டில் வந்து மூன்று மாதம் எங்களுடன் தங்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. செப்டம்பர் பள்ளி விடுமுறையில் எச்சூகா, மில்டூரா என்று மர்ரே நதியை ஒட்டியே போய், தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு வரை அவர்களை அழைத்துச் செல்ல ஆசை. ஆறு பேர் படுக்கும் மோட்டார்ஹோம் எடுக்கலாம் என்கிறார் கணவர். வாடகை, பெட்ரோல், ஒயின் எல்லாம் சேர்ந்து 8,500 டாலர் வருகிறது. வீட்டுக் கடனோடு இணைந்து அதன் வட்டியைக் குறைக்கும் ஆஃப்செட் கணக்கில் 11,000 டாலர் இருக்கிறது, அவசரத்துக்கு என்று வைத்தது. கிரெடிட் கார்டில் 2,400 டாலர் பாக்கி. வீட்டுக் கடனில் டாப்-அப், அதாவது கூடுதல் கடன், வாங்கினால் மாதம் 55 டாலர்தான் கூடும் என்பது கணவர் வாதம். கார்டில் போட்டு இரண்டு வருடத்தில் அடைக்கலாம் என்பது என் எண்ணம். இல்லை, பயணத்தையே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம், சகோதரி. 71 வயதில், சர்க்கரை நோயோடு, அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வரும் அப்பா இன்னொரு முறை வருவாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் செலவு வீண்செலவு அல்ல. அதே சமயம் 8,500 டாலர் தேவையில்லை. ஒரு டாலர் கூடக் கடன் வாங்கவும் தேவையில்லை.

முதலில் அந்த 55 டாலர் கணக்கைப் பார்ப்போம். 8,500 டாலரை 6 சதவீத வட்டியில் 25 ஆண்டுக்கு நீட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 55 டாலர்தான், உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் 300 மாதம் கட்டி முடிக்கும்போது மொத்தம் 16,400 டாலருக்கு மேல் கட்டியிருப்பீர்கள். சில நாள் பயணத்துக்கு உங்கள் குழந்தைகளுக்குக் கல்யாணம் ஆகும் வரை தவணை ஓடும். கார்டில் 20 சதவீத வட்டியில் போட்டு இரண்டு வருடத்தில் அடைத்தால் மாதம் 430 டாலருக்கு மேல் கட்ட வேண்டும், வட்டி மட்டும் 1,900 டாலரை நெருங்கும். மொத்த வட்டியில் உங்கள் யோசனை கணவருடையதைவிடக் குறைவுதான். ஆனாலும் இரண்டுமே வேண்டாம்.

உங்கள் கார்டில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. 2,400 டாலர் பாக்கியை முழுதாகக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், பொதுவாகப் புதிய செலவுகளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வழியில் போடும் ஒவ்வொரு டேங்க் பெட்ரோலுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஏறும். ஆகவே இந்த வாரமே ஆஃப்செட்டிலிருந்து 2,400 டாலரை எடுத்துக் கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். 6 சதவீதம் மிச்சப்படுத்திக்கொண்டிருந்த பணம் 20 சதவீதக் கடனை அடைக்கிறது. இதைவிட லாபமான ஒன்றை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. கார்டு காலியாக இருக்க வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு, வண்டி விஷயத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

அதற்கு முன் அப்பாவின் இன்சூரன்ஸ். உங்கள் கடிதம் முழுக்க வாடகை, பெட்ரோல், ஒயின் என்று செலவு எழுதியிருக்கிறீர்கள், இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. என் கவலை முழுக்க இங்கேதான். இந்தியாவுடன் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் கிடையாது. அதனால் உங்கள் பெற்றோருக்கு இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இல்லை. ஊரில் கிளம்பும்போது எடுக்கும் டிராவல் பாலிசிகளில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு நோய்வாரியாக உச்சவரம்பு வைத்திருப்பது வழக்கம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு உயிராபத்து நிலையில் மட்டும் ஓரளவு தருவார்கள். மில்டூராவில் அப்பாவுக்குச் சர்க்கரை தாறுமாறாகி ஆம்புலன்ஸ் கூப்பிட்டால், விக்டோரியாவின் பிராந்தியப் பகுதிகளில் சாலை ஆம்புலன்சுக்கே ஏறக்குறைய 2,000 டாலர் ஆகும். ஹெலிகாப்டர் என்றால் பல்லாயிரம். ஆஸ்திரேலியாவில் வருகையாளர்களுக்கென்று விற்கும் மருத்துவக் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் உண்டா, பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு, தெற்கு ஆஸ்திரேலியாவிலும் செல்லுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். இதற்கான பிரீமியத்தைப் பயணச் செலவில் சேர்க்காதீர்கள். பயணம் போனாலும் போகாவிட்டாலும் மூன்று மாதத்துக்கும் அது வேண்டும்.

இனி வண்டி. மோட்டார்ஹோம் வேண்டாம். அதன் வாடகை, அது குடிக்கும் டீசல், ஒவ்வொரு இரவும் நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஓட்டலில் தங்கும் செலவுக்கு வந்துவிடும். அதோடு 71 வயதுக்காரர் இரவில் இரண்டு முறை எழுந்து, ஏணி வைத்த படுக்கைக்குக் கீழே குனிந்து, அந்தக் குட்டிக் கழிப்பறைக்குப் போக வேண்டும். அவருக்கு அது வதை. கியா கார்னிவல் மாதிரி எட்டு இருக்கை வண்டியை வாடகைக்கு எடுங்கள். இரவுக்குக் கேரவன் பார்க்குகளில் இரண்டு படுக்கையறைக் கேபின் எடுங்கள். ஆறு பேர் தங்கலாம், சமையலறை இருக்கும், அம்மா தன் குக்கரைக் கொண்டுவந்தால் காலையில் பொங்கல் வைத்துவிடலாம். சர்க்கரை நோயாளிக்கு வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடு கிடைப்பது பணத்தைவிடப் பெரிது. பணமும் மிச்சம்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மட்டும் விரலை வைத்துப் படியுங்கள். ஒன்று எக்ஸஸ், அதாவது வண்டிக்குச் சேதம் வந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. பெரிய வண்டிகளுக்கு அது 5,000 டாலர் வரை, சில நேரம் அதற்கு மேலும் போகும். வாடகை நிறுவனத்தின் கவுண்டரில் நாளுக்கு இவ்வளவு என்று விற்கும் குறைப்புத் திட்டத்தைவிட, வெளியே தனியாக எடுக்கும் எக்ஸஸ் இன்சூரன்ஸ் பெரும்பாலும் மலிவு. ஆனால் வெளிப் பாலிசி எடுத்தால், சேதம் வரும்போது வாடகை நிறுவனம் முதலில் உங்கள் கார்டில் 5,000 டாலர் வரை பிடித்துக்கொள்ளும், இன்சூரன்ஸ் நிறுவனம் பிறகுதான் திருப்பித் தரும். கார்டை இப்போதே காலி செய்யச் சொன்னதற்கு இதுதான் இரண்டாவது காரணம். கார்டின் வரம்பு 5,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் கவுண்டரின் திட்டத்தையே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, கங்காரு. சில நிறுவனங்கள் ஊர் எல்லைக்கு வெளியே இருட்டிய பிறகு விலங்கு மோதினால் காப்பீடு செல்லாது என்று எழுதி வைத்திருக்கின்றன. ஸ்வான் ஹில்லிலிருந்து மில்டூரா போகும் சாலையிலும் ஸ்டர்ட் நெடுஞ்சாலையிலும் கங்காருக்கள் மேய்ச்சலுக்கு வெளியே வருவது அந்தி நேரத்தில்தான். மாலை ஐந்து மணிக்குள் கேபின் வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்று கணவரிடம் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. நான் கூட்டுவதற்காக வைக்கும் விலைகள் இவை, நீங்கள் முன்பதிவு செய்யும் நாளில் கொஞ்சம் மாறும். எச்சூகாவில் இரண்டு இரவு, மில்டூராவில் மூன்று, பரோசாவில் இரண்டு, திரும்பும் வழியில் ஹார்ஷமில் ஒன்று. எட்டு இரவு கேபின், இரவுக்கு 220 டாலர் வீதம் 1,760. ஒன்பது நாள் வண்டி, நாளுக்கு 130 வீதம் 1,170. சுற்றிப் பார்ப்பது உட்பட 2,000 கிலோமீட்டருக்கு 200 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 2 டாலர் என்றால் 400. சாப்பாட்டுக்கு 900, எக்ஸஸ் இன்சூரன்ஸுக்கு 150, டிக்கெட்டுகளுக்கும் சுற்றுலாக்களுக்கும் 700. மொத்தம் 5,080. கார்டை அடைத்த பிறகு ஆஃப்செட்டில் இருக்கும் 8,600 டாலரிலிருந்து இதை எடுத்தால் 3,520 மீதி இருக்கும். மாதம் 425 டாலர் திருப்பிப் போட்டால் ஒரு வருடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். இடையில் இழக்கும் வட்டிச் சேமிப்பு 160 டாலர் அளவுதான். செவிலியர்களுக்கு விடுப்புக் காலச் சம்பளத்தில் 17.5 சதவீதம் கூடுதலாக, லோடிங் என்ற பெயரில், வருவது வழக்கம். உங்களுக்கும் வந்தால் அதை அப்படியே ஆஃப்செட்டில் போடுங்கள்.

டிக்கெட்டுக்கு 700 டாலர் தாராளமாக வைத்ததற்குக் காரணம் உங்கள் அப்பா. எச்சூகாவில் சிவப்புக் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தில் 1865-இல் கட்டத் தொடங்கிய படகுத்துறை இன்னும் நிற்கிறது. நதி மட்டம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அதை அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே துடுப்புச் சக்கர நீராவிப் படகில் ஆறு பேரும் ஏறுங்கள். கொதிகலனில் விறகைத் தள்ளுபவரின் பக்கத்தில் நின்று குழந்தைகள் பார்க்கலாம். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மில்டூராவில் 1887-இல், கனடாவில் பிறந்த சாஃபி சகோதரர்கள் மர்ரே நீரை இயந்திரத்தால் மேலே ஏற்றி வறண்ட நிலத்தைத் திராட்சைத் தோட்டமாக்கிய வரலாறு இருக்கிறது. அதே காலத்தில்தான் பெரியாறு அணை கட்டி மதுரைப் பக்கம் தண்ணீரைத் திருப்பினார்கள். ஒரு மதுரை ஆசிரியருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத் தொலைவில் வென்ட்வர்த்தில் டார்லிங் நதி மர்ரேயுடன் கலக்கும் இடம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

மில்டூராவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில் முங்கோ தேசியப் பூங்கா. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர்களின் எலும்புகள் 1968-இலும் 1974-இலும் கிடைத்த வறண்ட ஏரி அது. ஆனால் போகும் சாலையில் பெரும்பகுதி மண் சாலை, மழை பெய்தால் மூடிவிடுவார்கள். வாடகை வண்டியை மண் சாலையில் இறக்கினால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் காப்பீடே ரத்து. அதனால் அப்பாவும் உங்களில் ஒருவரும் மட்டும் மில்டூராவிலிருந்து கிளம்பும் வழிகாட்டிச் சுற்றுலாவில் போங்கள். ஆறு டிக்கெட் வாங்க வேண்டாம். குழந்தைகள் அன்று ஆற்றங்கரையில் பாட்டியோடு இருக்கட்டும்.

மில்டூராவில் ஆரஞ்சு மலிவு என்று பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். பரோசாவை நோக்கி ரென்மார்க் போகும் வழியில் யாம்பாவில் தெற்கு ஆஸ்திரேலியாவின் தனிமைப்படுத்தல் சோதனைச் சாவடி இருக்கிறது. பழ ஈயைத் தடுப்பதற்காக, பழங்களையும் தக்காளி, பச்சை மிளகாய் போன்ற காய்களையும் அங்கே விட்டுவிட வேண்டும். மறைத்துக் கொண்டுபோனால் அந்த இடத்திலேயே அபராதம். அம்மாவின் கூடையை முதல் நாள் இரவே பாருங்கள். மிஞ்சிய தக்காளியைத் தொக்காக்கிவிட்டால் சிக்கல் இல்லை, சமைத்த உணவுக்குத் தடை கிடையாது.

பரோசாவில் ஒயின் ருசிப்பது உங்கள் கணவரின் ஆசை என்று நினைக்கிறேன், அதற்கும் இடம் கொடுங்கள். திராட்சை வேரைத் தின்னும் பூச்சி விக்டோரியாவின் தோட்டங்களை அழித்தபோதும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவில்லை. 1840-களில் நட்ட கொடிகள் கூட பரோசாவில் இன்னும் காய்க்கின்றன. இரண்டு இடம் போதும். ருசி பார்க்கும் கட்டணத்தைப் பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். அன்று வண்டி ஓட்டுபவர் ஒரு துளியும் குடிக்கக் கூடாது. ரத்தத்தில் ஆல்கஹாலுக்கான சட்ட வரம்பு 0.05 சதவீதம் என்றாலும், அதைத் தாண்டியவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் வாடகை வண்டிக் காப்பீடு கைவிட்டுவிடும். ருசி பார்க்கும் இடத்தில், உறுப்பினராகச் சேர்ந்தால் தள்ளுபடி என்று படிவம் நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். சில மாதங்களுக்கு ஒரு முறை கார்டில் பணம் எடுத்து ஒயின் பெட்டி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

செய்ய வேண்டிய வரிசை: அப்பாவின் காப்பீட்டுக்கு நாளைக்கே போன். இந்த வாரத்துக்குள் கார்டு பாக்கி. அடுத்து, ரத்து செய்தால் பணம் திரும்பும் விலையில் கேபின்கள். விக்டோரியாவின் விடுமுறையும் தெற்கு ஆஸ்திரேலியாவின் விடுமுறையும் முழுதாக ஒன்றுபடுவதில்லை. விக்டோரியா விடுமுறையின் முதல் வாரத்தில் கிளம்பினால் பரோசாவில் கூட்டமும் விலையும் குறைவாக இருக்கும். வண்டியைக் கடைசியாகப் பதிவு செய்யுங்கள். சாவி வாங்கும் அன்று, சக்கரமும் கண்ணாடியும் கூரையும் தெரிய, நான்கு பக்கமும் போனில் வீடியோ எடுத்துவிட்டு ஏறுங்கள்.