பட்ஜெட் போட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏன் கையைக் கடிக்கிறது?

பட்ஜெட் என்பது சம்பளம் வந்ததும், செலவாகும் முன்பே, எந்த ரூபாய் எதற்கு என்று பிரித்து வைப்பது. அது மளிகையில் உடைவது குறைவு. மாதாமாதம் வராத செலவில்தான் பெரும்பாலும் உடைகிறது. சென்னையில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணி எல்லாம் இதே ரகம்.

இவற்றின் ஓராண்டுத் தொகையைக் கூட்டி 12-ஆல் வகுங்கள். உதாரணமாக, கரண்ட் 6 பில்லுக்கு 14,400 ரூபாய், இன்சூரன்ஸ் 3,600, தீபாவளி 12,000. மொத்தம் 30,000, மாதம் 2,500. கரண்டுக்குப் போன வருடத்து 6 பில்லையும் பாருங்கள். ஜனவரி பில்லை மட்டும் நம்பினால் மே மாத ஏசி கவிழ்த்துவிடும்!

லாரித் தண்ணீர் வந்த அன்றே குடத்தில் பிடித்து வைக்கிறோம் இல்லையா? அதுபோலச் சம்பளம் வந்த அன்றே 2,500-ஐ வேறு கணக்குக்கு மாற்றுங்கள். ஜிபே இணைத்த கணக்கில் விட்டால் டீ, ஆட்டோ என்றே கரைந்துவிடும். தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே பெரிய பில் வந்தால், குறைகிற தொகையை மட்டும் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

இதைச் சேமிப்பு என்று எண்ணிப் பலர் நகைச்சீட்டில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இது சேமிப்பு அல்ல, பில் இன்னும் வராத செலவு.