பிடுங்கிய பல் காய்ந்தால் ஏன் விரிசல் விடுகிறது?

பிடுங்கிய கடைவாய்ப் பல்லை ஷெல்ஃபில் வைத்திருந்தீர்கள், கோடை முடிவதற்குள் நெடுக விரிசல். காய்ந்தால் பல் வலு இழக்குமா, வேர் சிகிச்சை செய்த பல்லும் வாயிலேயே காய்ந்து உடையுமா என்று கேட்கிறீர்கள்.

நான் பல் டாக்டர்தான், ஆனால் ஆம்பூர்க்காரன். எனக்கு முதலில் தோல்தான் ஞாபகம் வரும். அப்பா டேனரியில் வேலை பார்த்தார். வெயிலில் காய்ந்த பச்சைத்தோல் பலகை மாதிரி விறைத்து நிற்கும், மடக்கினால் வெடிக்கும். தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் துவண்டுவிடும். தோலில் உள்ள அதே முதல் வகை கொலாஜன் என்ற நார்ப்புரதம்தான், பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினிலும். எடையில் டென்டின் சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் புரதம், மிச்சம் 10 தண்ணீர். அந்தத் தண்ணீர் போனால் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கும்.

ஆகவே வலு இழக்கிறது என்பது பாதிதான் சரி. காய்ந்த டென்டின் விறைப்பிலும் கடினத்திலும் கூடத்தான் செய்கிறது. போவது, வளைந்துகொடுக்கும் குணம். ஈரமான டென்டினில் விரிசலின் முனை மழுங்கி நிற்கும். காய்ந்ததில் சரசரவென்று ஓடும்.

படிக்கும்போது பயிற்சிப் பற்களைக் காட்பாடி ரூம் ஜன்னலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து டிரில்லை வைத்ததும் ஒன்று இரண்டாகப் பிளந்தது. "தண்ணியில போட்டு வெச்சியா?" என்றார் சார், அவ்வளவுதான். மறுபடி ஊறவைத்தால் டென்டினின் பழைய குணம் பெருமளவு திரும்பும். விழுந்த விரிசல் ஒட்டாது.

பல் நிறத்தில் ஃபில்லிங் வைக்கும்போதும் இதே கதை. ஆசிட் தடவிக் கழுவியதும் மேலே கொலாஜன் வலை மட்டும் நிற்கும். காற்றடித்து ஒரேயடியாகக் காயவைத்தால் வலை படுத்துவிடும், பசை உள்ளே இறங்காது. லேசாகப் பளபளக்க வேண்டும், தண்ணீர் தேங்கவும் கூடாது. அந்தப் பதம் கைக்கு வர எனக்கு ஒரு வருஷம் ஆனது.

வேர் சிகிச்சைப் பல்லுக்கு வருவோம். நரம்பை எடுத்தாலும் அது வாயின் ஈரத்தில்தான் இருக்கிறது. ஈரத்தில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. சொத்தையும் நாங்கள் குடைந்ததும் சேர்ந்து சுவர் மெலிந்துபோவதால்தான் உடைகிறது. கேப் போடச் சொல்வது அதற்கு. "வலிதான் போயிடுச்சே டாக்டர்" என்று கிளம்பியவர்கள் சிலர், பிரியாணி எலும்பைக் கடித்துவிட்டு, பாதிப் பல்லைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.