வாயு கசியும் இடத்துக்கு உள்ளே போகிறவர்கள்: கேள்வி பதில்

ராணுவத்தில், அபாயகரமான பொருட்கள் கசிந்தால் போய் நிறுத்தும் குழுவில் பல ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தவன் நான். இந்த வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவி: ஐயா, கெமிக்கல் விபத்து என்றால் தீயணைப்புத் துறை வருகிறது. ராணுவ டெக்னீஷியனுக்கு அங்கே என்ன வேலை?

முதல் வேலை எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதம்மா. விமானத் தளத்தில் எரிபொருள், அமிலம், குடிநீருக்கான குளோரின் என்று எல்லாம் இருக்கும். எஃப்-16 போர் விமானத்தில் எஞ்சின் நின்றுபோனால் அவசர மின்சாரம் தர ஒரு சின்ன யூனிட் உண்டு. அதற்கான எரிபொருளில் 70 சதவீதம் ஹைட்ரசீன் என்ற நச்சுத் திரவம், மீதி தண்ணீர். விமானம் பத்திரமாக இறங்கி நிற்பது போலத்தான் தெரியும். ஆனால் அந்த யூனிட் ஓடியிருந்தால், சோதித்து முடிக்கும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. ஹைட்ரசீனுக்கு அம்மோனியா போன்ற வாடை. மூக்குக்கு அது எட்டுவதே காற்றில் பத்து லட்சத்தில் 3, 4 பங்கு சேர்ந்த பிறகுதான். வேலையிடத்துக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 1 பங்கு. வாடை வந்துவிட்டது என்றால் அளவு தாண்டிவிட்டது என்று பொருள்.

வெளியே அழைக்கப்படுவது, என்ன பொருள் என்றே தெரியாதபோது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற நரம்பு நச்சு வெளியிடப்பட்டபோது, ஜப்பான் தற்காப்புப் படையின் வேதிப் பாதுகாப்புப் பிரிவினர்தான் பெட்டிகளையும் நிலையங்களையும் கழுவிச் சுத்தம் செய்தார்கள். அதற்கான பயிற்சி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

அரசு ஊழியர்: ராணுவம் வந்துவிட்டால் பொறுப்பு அவர்கள் கைக்குப் போய்விடுமா?

ஊருக்குள் நடந்த விபத்தில் பொதுவாகப் போகாது. சம்பவ இடத்தின் தலைமை சிவில் அதிகாரியிடமே இருக்கும், நாங்கள் அவருக்குக் கீழே வேலை செய்வோம். அமெரிக்காவில் நேஷனல் கார்டின் சிவில் சப்போர்ட் குழுக்கள் இப்படித்தான் இயங்குகின்றன. ஒரு குழுவுக்கு 22 பேர், கூடவே வண்டியில் ஒரு சோதனைக்கூடம். என்ன பொருள் என்று கண்டுபிடிப்பது, எவ்வளவு தூரம் பரவும் என்று கணிப்பது, என்ன செய்யலாம் என்று தலைவருக்குச் சொல்வது, இதுதான் அவர்கள் பணி.

தீயணைப்புப் பயிற்சி வீரர்: சார், எங்களிடம் இருக்கும் பி.ஐ.டி. மீட்டர் பூஜ்ஜியம் காட்டினால் உள்ளே போகலாமா?

போகாதீர்கள் தம்பி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

பி.ஐ.டி. என்பது காற்றில் கலந்த ஆவிகளை ஒளியால் கண்டறியும் கருவி. அதற்குள் ஒரு புற ஊதா விளக்கு இருக்கிறது. அதன் ஒளியின் ஆற்றல் வழக்கமாக 10.6 எலக்ட்ரான் வோல்ட். அந்த ஒளியால் அயனியாக்க முடிந்த வாயுவை மட்டும்தான் அது பார்க்கும். குளோரினுக்கு ஏறக்குறைய 11.5 வேண்டும், கார்பன் மோனாக்சைடுக்கு 14. நீங்கள் குளோரின் மேகத்துக்குள் நின்றாலும் அந்த மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். மீட்டர் பழுதாகவில்லை, அந்த வாயு அதன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எரியும் வாயுவைப் பார்க்கும் சென்சாரும் இப்படித்தான். பாசிமணி போன்ற சின்னக் குண்டைச் சூடாக்கி வைத்த வகைக்கு வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அதனால் முதலில் ஆக்சிஜன் ரீடிங், அப்புறம்தான் அது. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் காட்டும். அது 19.9-க்கு இறங்கினால் 'ஒரு சதவீதம்தானே' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். அது ஒரு சதவீதம் குறைய, வேறு ஏதோ வாயு ஏறக்குறைய ஐந்து சதவீதம் உள்ளே வந்திருக்க வேண்டும். நச்சு வாயு என்றால் அது பத்து லட்சத்தில் ஐம்பதாயிரம் பங்கு!

நாங்கள் போகும்போது மீட்டருக்கு முன்னால் நனைத்த பி.எச். தாளை நீட்டிக்கொண்டு போவோம். சின்னத் துண்டுதான், ஆனால் அமில ஆவி சென்சாரைக் கெடுப்பதற்கு முன்பே தாள் சிவந்துவிடும். அதோடு, ஒரே ஒரு கருவி சொன்னதை வைத்து முடிவெடுக்க மாட்டோம். நரம்பு நச்சைக் கண்டுபிடிக்கும் கருவிகள் சில நேரம் துப்புரவுத் திரவத்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் கூட அலறும். வேறொரு முறையிலும் அதே பதில் வந்தால்தான் எழுதிக்கொள்வோம்.

பராமரிப்புப் பிரிவு ஊழியர்: குளோரின் கசிந்தால் தண்ணீர் அடிக்கலாம் என்கிறார்களே அண்ணா?

மேகம் பரவுவதைத் தடுக்கத் தள்ளி நின்று தண்ணீர்த் திரை போடுவது வேறு. கசியும் இடத்தின் மேலேயே அடிக்கக் கூடாது. ஈரத்தோடு சேர்ந்தால் குளோரின் அமிலமாகி இரும்பை அரிக்கும், ஊசித்துளை விரல் நுழையும் ஓட்டையாகிவிடும்.

ஒருமுறை ஒரு நீர்ச் சுத்திகரிப்புக் கூடத்தில், 900 கிலோ குளோரின் பிடிக்கும் டன்னர் என்ற பெரிய இரும்பு உருளையில் கசிவு. அதன் ஒரு முனையில் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும்படி டன்னரைக் கிடத்தினால் மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். அன்று கசிந்தது கீழ் வால்வு. திரவக் குளோரின் ஆவியானால் ஏறத்தாழ 450 மடங்கு விரியும். அதனால் நாங்கள் செய்த முதல் காரியம், ரோலர் மேல் இருந்த டன்னரைக் கடப்பாரை வைத்து அரைச் சுற்று உருட்டியது. கசியும் வால்வு மேலே வந்ததும் திரவம் நின்று வாயு மட்டும் வந்தது. ஒரே நகர்த்தலில் ஆபத்து பல மடங்கு குறைந்துவிட்டது.

எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் குப்பியில் அம்மோனியா நீர் கொண்டுபோயிருந்தோம். திரவம் தெளிக்கக் கூடாது. குப்பியை மெல்ல அமுக்கி ஆவியை மட்டும் காட்ட வேண்டும். குளோரின் பட்டதும் வெள்ளைப் புகை எழும். வால்வுத் தண்டைச் சுற்றி அந்தப் புகை நூல் போல எழுந்தது. தண்டைச் சுற்றியுள்ள அடைப்பை அழுத்திப் பிடிக்கும் பேக்கிங் நட்டை ஸ்பேனரால் கால் சுற்று முறுக்கினேன். மறுபடியும் குப்பியைக் காட்டினேன். புகை இல்லை. நின்றிருக்காவிட்டால் வால்வின் மேல் கவிழ்த்து இறுக்கும் மூடியும் காஸ்கெட்டும் வாசலில் தயாராக இருந்தன.

கல்லூரி மாணவர்: அந்த முழு உடை போட்டால் பயமில்லைதானே?

அந்த உடைக்குள் மனிதன் வேகிறான் தம்பி. லெவல் ஏ உடை காற்றே புகாதபடி மூடியது, வியர்வை எங்கும் போகாது. முகக் கண்ணாடி பனித்துவிடும். கையைச் சட்டைக்கைக்குள்ளிருந்து உள்ளே இழுத்து, உள்ளே வைத்திருக்கும் துணியால் துடைத்துக்கொள்வோம். மூன்று அடுக்குக் கையுறையோடு ஒரு நட்டைப் பிடிப்பதே பெரும்பாடு. முதுகில் ஒரு மணி நேர சிலிண்டர் என்றாலும் போக, வர, வெளியே வந்து கழுவிக்கொள்ள என்று காற்றை ஒதுக்கிய பிறகு வேலைக்கு மிஞ்சுவது இருபது நிமிடம் போல. உள்ளே இருவர் என்றால், மீட்க அதே உடையில் வெளியே இருவர். கழுவும் இடம் தயாராகாமல் யாரையும் உள்ளே அனுப்ப மாட்டோம்.

எல்லாம் சரியாக அணிந்தும் தவறலாம். 1980 செப்டம்பரில் அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில், டமாஸ்கஸ் ஊருக்கு அருகே, டைட்டன்-2 ஏவுகணைக் கிடங்கில் பராமரிப்பு நடந்துகொண்டிருந்தது. நட்டு முறுக்கும் ஸ்பேனரின் முனையில் மாட்டும், மூன்றரை கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு சாக்கெட் கழன்று விழுந்து எரிபொருள் டேங்கைத் துளைத்தது. பல மணி நேரம் கழித்து இரண்டு பேர் ஆவியின் அளவைப் பார்க்க உள்ளே போய் வந்தார்கள். சற்று நேரத்தில் வெடித்தது. ஒருவர் இறந்தார், 21 பேர் காயமடைந்தார்கள். உள்ளே போன இருவரும் டெக்னீஷியன்கள்தான். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் உடையை மாட்டியதில்லை.

செவிலியர்: பாதிக்கப்பட்டவர்கள் நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டால்?

அதுதான் டோக்கியோவில் நடந்தது. பலர் தாங்களாகவே வந்தார்கள், உடையோடு உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள், கவனித்த பணியாளர்களுக்கும் கண் மங்கியது, தலை வலித்தது. வாசலிலேயே உடையைக் களையச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் பொருளில் பெரும்பகுதி அதோடு போய்விடும். அப்புறம் நிறையத் தண்ணீர். வெட்கப்படுவார்கள், அதற்கு ஒரு திரையும் போர்வைகளும் முன்கூட்டியே வைத்திருங்கள்.

இல்லத்தரசி: பக்கத்தில் டேங்கர் கவிழ்ந்தால் நாங்கள் என்ன செய்வது?

காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள், பிறகு காற்றுக்கு எதிராகப் போங்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும், அதனால் மேடான இடம் நல்லது. அம்மோனியா இலேசானது, ஆனால் குளிர்ந்து வெளியேறும்போது அதுவும் தரையோடு ஊரும். போக வழியில்லை என்றால் வீட்டுக்குள்ளே இருந்து கதவு ஜன்னலை அடைத்து ஏ.சி., மின்விசிறியை நிறுத்துங்கள். டேங்கரில் உள்ள நான்கு இலக்க எண் தூரத்திலிருந்தே தெரிந்தால் சொல்லுங்கள். 1017 என்றால் குளோரின், 1005 என்றால் அம்மோனியா. படிப்பதற்காகக் கிட்டே போக வேண்டாம்.

ஒரு சகோதரி: என் கணவர் இப்படி ஒரு குழுவில் இருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு நான் எதைக் கவனிக்க வேண்டும்?

சகோதரி, சில பொருட்கள் தாமதமாகவே தாக்கும். பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு, ராக்கெட் எரிபொருளோடு வரும் நைட்ரஜன் டெட்ராக்சைடு இவற்றைச் சுவாசித்தவர் முதலில் இலேசாக இருமிவிட்டு 'ஒன்றுமில்லை' என்பார். பல மணி நேரம் கழித்து, சில நேரம் மறுநாள், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அன்று என்ன பொருளைக் கையாண்டார் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மூச்சு வாங்கினாலோ, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடக்க விடாமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள், அந்தச் சீட்டை முதலில் டாக்டர் கையில் கொடுங்கள்.